தட்டில் பாதி மீந்தது ஏன்?



சென்ற இதழில் குழந்தைகளின் மழைக்காலச் சளியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை பெரியவர்கள் சமாசாரம். என் வீட்டில் நடந்ததையே எழுதப்போகிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இதில் தப்பு செய்தவள் நான்தான். ஆனால் நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாமே என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் மாமா, அதாவது என் மாமனார், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லேத்து மெஷினில் நூலிழை வித்தியாசம்கூட விடமாட்டார் என்று பெயர் வாங்கியவர். வீட்டிலும் அப்படியேதான். பால் கணக்கு, கரண்ட் பில், வீட்டு வரி, ரேஷன் என்று எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். அத்தை காலமான பிறகு அந்த நோட்டுதான் அவருக்குத் துணை. மாதக் கடைசியில் ஒரு ரூபாய் இடித்தால்கூட, "எங்கம்மா போச்சு?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலை. மணி ஐந்து இருக்கும். பாத்ரூமுக்குப் போக எழுந்தவர் இடது பக்கமாகச் சரிந்து சுவரில் சாய்ந்துகொண்டார். வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. "என்ன மாமா?" என்று பதறினேன். "ஒண்ணுமில்லம்மா, கால் மரத்துப்போச்சு" என்றார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "பனிக்காத்து பட்டிருக்கும். வெந்நீர் ஒத்தடம் குடு, சூடா காபி குடு, சரியாப்போயிடும்" என்றார். அவரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு வந்திருப்பதே தனக்குத் தெரியாமல் போவதும் அந்த நோயின் ஒரு குணம் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

வெயில் ஏறியும் கை தூக்க வரவில்லை. பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில் நுழையும்போது மணி பத்து. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்பதுதான். நாங்கள் சொன்ன பதிலைக் கேட்டு அவர் ஒன்றும் திட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நாங்கள் அந்த நேரத்தை வெந்நீர் ஒத்தடத்தில் கழித்திருந்தோம்.

கை வந்தது, கால் வந்தது

ஆனாலும் கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். பிசியோதெரபி செய்ய வந்த பெண் ரொம்பப் பொறுமைசாலி. மூன்று மாதத்தில் மாமா தடி ஊன்றி மாடிப்படி ஏறினார். பேச்சும் தெளிந்துவிட்டது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாம், "தப்பிச்சிட்டார். கையும் காலும் வந்தாச்சு, இனிமே என்ன?" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குக் கஷ்டம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் சாப்பாடு. தட்டில் சோறு பரிமாறி, இடது பக்கம் பொரியலும் கூட்டும் வைப்பேன். சோற்றில் பாதியைச் சாப்பிடுவார். பொரியலைத் தொடவே மாட்டார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, தினமும் இதே கதை. "ஏன் மாமா, பிடிக்கலையா?" என்றால், "சாப்பிட்டுட்டேனே" என்பார். அத்தை சமையலை நினைத்துக்கொண்டு என் கைப்பக்குவத்தை ஒதுக்குகிறார் என்று எனக்குள் ஒரு குமைச்சல்.

அடுத்தது அந்த நோட்டு. எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், எழுத மாட்டார். பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்பார். கரண்ட் பில் கட்டப் போனவர் பணத்தோடு திரும்பி வந்தார். எப்போதும் நாலு வேலையைச் சேர்த்து முடித்துக்கொண்டு வருகிற மனுஷன், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "எங்கே கிளம்பினேன்?" என்று யோசிக்க ஆரம்பித்தார். மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார். நாமாக எழுப்பினால் எழுவார், இல்லாவிட்டால் இல்லை. டிவியில் யாரோ ஒரு குழந்தை அழுதால் இவரும் விசித்து விசித்து அழுவார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வியாதியைச் சாக்கு வைத்துக்கொண்டு வீம்பு பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் சி.டி.எச். ரோட்டைத் தாண்டும்போது இடது பக்கம் வந்த வேனைக் கவனிக்காமல் இறங்கிவிட்டார். டீக்கடைக்காரர் ஓடிவந்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நான் கத்திவிட்டேன். "கண்ணு நல்லாத்தானே தெரியுது? வேணும்னே பண்றீங்களா மாமா?" என்று. அவர் பதில் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகத் திட்டு வாங்குகிறோம் என்றே புரியாத குழந்தையின் பார்வை அது.

கடிகாரத்தில் ஒரு பக்கம் காலி

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்கள் குறைகளை எல்லாம் கொட்டினோம். அங்கே இருந்த லேடி டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் போட்டுக் கொடுத்து, "ஐயா, இதைக் கடிகாரமா நினைச்சு நம்பரெல்லாம் எழுதுங்க. மணி பதினொண்ணு பத்துன்னு முள்ளு வைங்க" என்றார். மாமா எழுதினார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்ணும் வலது பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இடது பக்கம் முழுக்கக் காலி. முள்ளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் நூலிழை பிசகாமல் அளவு எடுத்த கை அது. இவர், என் வீட்டுக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "கண்ணுல கோளாறு இல்லம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதையே அவர் மூளை கவனிக்கல. வலது மூளையில அடைப்பு வந்தவங்க சிலருக்கு இப்படி ஆகும். வீம்பு இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. வீட்டுக்குப் போய்த் தட்டைத் திருப்பி வெச்சுப் பாருங்க."

அன்று ராத்திரி மாமா பாதி சாப்பிட்டு நிறுத்தினதும், நான் ஒன்றும் பேசாமல் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தேன். மீதிச் சோற்றைப் பார்த்தார், பொரியலைப் பார்த்தார், ஒன்று விடாமல் சாப்பிட்டார். "பீன்ஸ் பொரியல் நல்லாருக்கும்மா. ரொம்ப நாளா ஏன் பண்ணல?" என்றார்.

தினமும் ஏதாவது ஒரு பொரியல் வைத்துக்கொண்டுதானே இருந்தேன்! சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கடைசி வீட்டுக் குழாய்

இது எப்படி நேர்கிறது என்று நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். நம் மூளையின் எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவுக்குள்தான். உடம்பு எடையில் 50-ல் ஒரு பங்கு. ஆனால் நாம் இழுக்கிற பிராணவாயுவில் 5-ல் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தம். சேமித்து வைத்துக்கொள்ள அங்கே தொட்டி கிடையாது. வருகிறபோது வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் செத்துப்போகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒத்தடம் கொடுத்த நேரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் என் வயிறு கலங்குகிறது.

இது திடீரென்று வருகிற அடைப்பு. இன்னொன்று சத்தமில்லாமல் வருவது. நம் தெருக்களில் குடிதண்ணீர் வருவதைப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும், பெரிய குழாயும் நன்றாக இருக்கும். ஆனால் தெருக்குழாயில் உப்புப் படிந்து துவாரம் சுருங்கிவிட்டால், முதல் வீட்டில் குடம் நிறையும், கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மூளையின் ஆழத்தில் இருக்கிற பகுதிகள் இந்தக் கடைசி வீடு மாதிரி. முடி போன்ற மெல்லிய குழாய்கள்தான் அங்கே போகின்றன. பல வருஷம் கவனிக்காத ரத்தக்கொதிப்பு, சர்க்கரை வியாதி, புகை பிடிப்பது எல்லாம் அந்தக் குழாய்களைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடுகின்றன. அங்கங்கே பொட்டுப் பொட்டாகச் சின்னச் சின்ன அடைப்புகள் வரும். கை விழாது, வாய் கோணாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் குறைவது ஞாபகசக்தி இல்லையாம். நிதானமும் திட்டமும்தான் முதலில் போகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, கொரட்டூர்ப் பக்கம் இருப்பவர், பத்துப் பேருக்குத் தனியாளாகச் சமைப்பார். கொஞ்ச காலமாக, சோறு வடித்த பிறகுதான் பருப்பு போடவில்லை என்பது ஞாபகத்துக்கு வருகிறது, குழம்பு கொதிக்கும்போது புளியைத் தேடுகிறார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர ரொம்ப நேரம் ஆகிறது. பேரன் பேத்தி பெயர், பழைய கதை எல்லாம் துல்லியமாகச் சொல்கிறார். அதனால் வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை, "வயசாச்சு, மந்தம்" என்று விட்டுவிட்டார்கள். விசாரித்தால், "தலை சுத்தல் நின்னுபோச்சு" என்று ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறதாம்!

இன்னொன்றும் கவனியுங்கள். சாதாரண மறதி நோய் மெதுவாகச் சரிவில் இறங்குகிற மாதிரி வரும். ரத்த ஓட்டக் குறைவால் வருவது பெரும்பாலும் படிப்படியாக இறங்கும். சில மாதம் ஒரே நிலையில் இருப்பார், திடீரென்று ஒரு படி கீழே போவார், மறுபடி அங்கேயே நிற்பார். அப்படி ஒரு படி இறங்கினால் வயசு என்று விடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பேச்சு வேறு, புத்தி வேறு

நம் ஊரில் பக்கவாதம் என்றதும் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது எம்.ஜி.ஆர்.தான். என் அம்மா இன்றைக்கும் சொல்வார். 1984 அக்டோபரில், முதலமைச்சராக இருந்தபோது, அவரைச் சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் தாக்கிவிட்டது. ஊர் ஊராகக் கோயிலிலும் சர்ச்சிலும் மசூதியிலும் ஜனங்கள் வேண்டிக்கொண்டார்கள். பிறகு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் வைத்துச் சிகிச்சை செய்து, மாற்றுச் சிறுநீரகமும் பொருத்தினார்கள். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தார். 1967-ல் குண்டடி பட்டதிலேயே அவருடைய குரல் பாதிக்கப்பட்டிருந்தது. இப்போது பேச்சு இன்னும் தடுமாறியது, பழையபடி வரவே இல்லை. ஆனாலும் 1987 டிசம்பர் 24-ஆம் தேதி மறைகிற வரை அவர்தான் முதலமைச்சர்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பேச்சு குழறினால் புத்தியே போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நிறையப் பேருக்குப் பேச்சுக்கான இடம் இடது மூளையில் இருக்கிறது. அங்கே அடிபட்டால் சொல்ல நினைத்த வார்த்தை வாயில் வராது. சிலருக்கு, நாம் சொல்வதைப் புரிந்துகொள்கிற சக்தியும் சேர்ந்து குறையும். ஆனால் பலர் உள்ளே எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் எதிரிலேயே, "இவருக்கு ஒண்ணும் புரியாது" என்று பேசுவது எவ்வளவு பெரிய கொடுமை!

எங்கள் மாமாவுக்கு நேர் எதிர். பேச்சு மணி மணியாக இருந்தது, அதனால் புத்தியும் முழுசாக இருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன். பேச்சை வைத்து எடை போட்டால் இரண்டு பக்கமும் ஏமாந்துபோவோம்.

உட்கார்ந்தே இருப்பதும் காரணமில்லாமல் அழுவதும்கூட மூளையில் அடிபட்டதன் விளைவாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் 3-ல் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. இதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. "மனசைத் தேத்திக்கோங்க" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

நான் வீட்டில் செய்த மாறுதல்கள்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினேன். "சிவப்பைத் தேடுங்க மாமா" என்று சொல்வேன். தலையைத் திருப்பித் தேடித் தேடி இப்போது பழக்கமாகிவிட்டது. பத்திரிகை படிக்கும்போதும் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு அட்டையை வைத்துக்கொள்கிறார்.

ஒரு நேரத்தில் ஒரே வேலைதான். "குளிச்சிட்டு, மாத்திரை போட்டுட்டு, கீரைக்காரம்மா வந்தா காசு குடுங்க" என்று நான் முன்பு ஒரே மூச்சில் சொல்வேன். இப்போது ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பேன். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் மறுபடி கேட்பேன். அவசரப்படுத்தினால் இருக்கிற வார்த்தையும் ஓடிப்போகிறது.

பொருள்களை இடம் மாற்றுவதில்லை. கண்ணாடி, தடி, துண்டு வைத்த இடத்திலேயே இருக்கும். கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கினோம். திங்கள் காலி என்றால் திங்கள் போட்டாயிற்று என்று அர்த்தம், சண்டையே இல்லை. வெளியே போகும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் போவேன். அவர் தனியாக ரோட்டைத் தாண்டுவதில்லை, யாராவது ஒருவர் இடது பக்கம் நடப்போம். ஏ.டி.எம். கார்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம். பிடுங்கவில்லை, உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லிக் கேட்டோம். கொடுத்தார்.

அதே சமயம் எல்லாவற்றையும் நாமே செய்துவிடக் கூடாது. காய் நறுக்கிக் கொடுக்கிறார், துணி மடிக்கிறார். சாயங்காலம் என் பெண் அவரோடு தாயம் ஆடுவாள். வேண்டுமென்றே அவருடைய காய்களை இடது பக்கமாக வைப்பாள். தாத்தா திரும்பிப் பார்த்தால் கைதட்டுவாள். சலிக்காமல் செய்கிற வைத்தியம் அது!

உப்பும் கொதிப்பும்

ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வராமல் காப்பதுதான் புத்தியைக் காக்கிற வழி. முதல் தாக்குதலுக்குப் பிறகு 10 பேரில் ஒருவருக்குப் புதிதாக முழு அளவில் புத்தி மழுங்குகிறது என்றால், மறுபடியும் தாக்கியவர்களில் 3-ல் ஒருவருக்கும் மேல் அந்த நிலை இருக்கிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். ஆகவே டாக்டர் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த ஒரு கணக்குப்படி, பெரியவர்களில் 3-ல் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10-ல் ஒருவர்கூட இல்லை. காரணம் லேசானதுதான், அது வலிக்காது. வலிக்காத வியாதிக்கு யார் மாத்திரை சாப்பிடுவார்கள்? 2019-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில், ஐம்பது வயசுக்கு மேற்பட்ட 9,000-க்கும் அதிகமானவர்களைப் பார்த்தார்கள். கொதிப்பை நன்றாகக் குறைத்து வைத்தவர்களில், புத்தி லேசாக மங்க ஆரம்பிப்பதே குறைவாக இருந்தது. எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு பெண், மாமாவுக்குக் கொதிப்பு பார்க்கும்போது என்னையும் உட்கார வைத்துப் பார்த்தாள். எனக்கும் ஏறியிருந்தது! நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் தன்னைப் பார்த்துக்கொள்வதே இல்லை. இளம் தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையுண்டாகியிருந்தபோது கொதிப்பு ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிரசவத்தோடு போயிற்று என்று விடாமல், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் கையில் இருப்பது உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஐந்து பேர். 5 கிராம் வீதம் 30 நாளைக்கு 750 கிராம்தான் வர வேண்டும். நான் கணக்குப் பார்த்தபோது மாதம் ஒன்றரைக் கிலோ போயிருந்தது! இது போக ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடையில் வாங்குகிற மிக்சர். இப்போது மாத முதல் தேதி 750 கிராமை ஒரு ஜாடியில் கொட்டி வைத்துவிடுகிறேன். அதுதான் மாதத்துக்கு. சோற்றுக்கு உப்பு போடுவதில்லை, ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் பத்து நாள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். எலுமிச்சம்பழம், மிளகு, சீரகம், கொத்தமல்லி என்று கூட்டிக் கொடுத்தேன். நாக்கு பழகிக்கொண்டது.

மறக்காமல் இதையும்

வீட்டில் யாருக்காவது திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால், பார்வை மங்கினால், நடை தள்ளாடினால், சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். ரத்தக் கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் ஆபத்து, அதனால் நீங்களாக அதைக் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும், அது பெரிய தாக்குதலுக்கு முன்னால் வருகிற எச்சரிக்கையாக இருக்கலாம். "ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

மாமா பழைய மாமாவாக முழுசாகத் திரும்பிவிட்டார் என்று பொய் சொல்லமாட்டேன். கரண்ட் பில்லை இவர்தான் கட்டுகிறார். ஆனால் போன மாதம் அந்த நீள நோட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். கோட்டைத் தொட்டுக்கொண்டு பால் கணக்கை மட்டும் எழுதுகிறார். முப்பது வரி எழுத அரை மணி நேரம் ஆகிறது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு பாக்கெட் கணக்குல இடிக்குதும்மா. பதினேழாம் தேதி வாங்கலையா?"

வாங்கவில்லை. அன்றைக்கு நாங்கள் திருவேற்காட்டுக்குப் போயிருந்தோம். நான்தான் மறந்துவிட்டேன்.